கம்பம் சுற்றும் ராத்திரிக்கு எக்ஸ்போஷர் எவ்வளவு வைக்கணும்?

கேள்வி கேட்ட தம்பி காங்கேயம் பக்கம். ஊர் மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்), கோவில் முன்னால் நட்ட கம்பத்தை ராத்திரி சுற்றி ஆடுவதைப் படம் எடுத்திருக்கிறார். கையில் இருப்பது தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ். ஆட்டோவில் விட்டால் வானம் சாம்பலாக வெளுக்கிறது, கம்பத்து மேலே இருக்கிற பூவோடு (தீச்சட்டி) வெறும் வெள்ளைத் திட்டாகிறது, ஆடுகிறவர்கள் புகை மாதிரிக் கலங்குகிறார்கள். மேனுவலுக்கு மாற்றினால் எல்லாமே கருப்பு. எக்ஸ்போஷருக்கு, அதாவது படத்துக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவுக்கு, கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஓர் எண் சொன்னார்களாம். ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. சரியான எண் எது என்று கேட்டிருக்கிறார். ஊருக்குப் பக்கத்தில் சிவன்மலையையும், நிலாவையும், தோட்டத்துச் சாளையிலிருந்து நட்சத்திரங்களையும் எடுக்கணுமாம்.

நான் படித்துப் பார்த்த வரைக்கும் தம்பிக்கு உண்மையில் வேண்டியது எண் இல்லை. எரிகிற தீ, ஃபோகஸ் லைட் படுகிற முகம், கருத்த வானம் மூன்றும் ஒரே படத்தில் இருக்கும்போது கேமரா யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்துவிட்டால் எண் தானாக வரும். முடிவு செய்யாமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போனால், அடுத்த ஊர் நோம்பியில் லைட்டுக்காரர் இரண்டு விளக்கு அதிகமாகக் கட்டியதுமே அந்த எண் செல்லாக்காசு. கோபிப் பக்கம் 24 வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். சீர், கல்யாணம், காதுகுத்து, நோம்பி என்று பாதி வேலை பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். சென்சார் செய்கிற பொறியாளன் இல்லை. அதனால் கணக்காகச் சொல்வதையும் என் கைப்பழக்கத்தில் சொல்வதையும் பிரித்தே சொல்கிறேன்.

கணக்கில் வருவது முதலில். கேமராவுக்குள் இருக்கிற மீட்டருக்கு ராத்திரி, பகல் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டு வந்து நிறுத்துவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். காரிக் காளையை (கருப்புக் காளையை) படம் நிறைய வைத்து ஆட்டோவில் எடுத்தால் காளை சாம்பலாக வரும். சுத்த வெள்ளைக் காளையை அப்படியே எடுத்தால் அதுவும் சாம்பலாகத்தான் வரும். மயிலைக் காளையை நிறுத்தினால் மட்டும் கச்சிதமாக வரும், ஏனென்றால் அது ஏற்கெனவே சாம்பல். ராத்திரி நீங்கள் எடுத்த படத்தில் முக்கால்வாசி கருத்த வானம். காரியை மயிலையாக்கிய மாதிரி, மீட்டர் அந்த இருட்டைச் சாம்பலாக்கப் பார்த்திருக்கிறது. அதற்கு வெளிச்சம் பற்றாததால் ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தை 1/8, 1/4 நொடி என்று நீட்டியிருக்கிறது. வானம் வெளுத்தது, பூவோடு திட்டானது, ஆள் கலங்கியது எல்லாம் இந்த ஒரே காரணத்தால் வந்தவை. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை.

அதனால் ராத்திரி வேலையில் இருட்டை அளக்கவே கூடாது. எந்த விளக்கு எதன் மேல் விழுகிறது என்று பார்த்து அதை அளக்க வேண்டும். ஸ்டாப் என்ற கணக்கு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் நாலு மடங்கு, நாலு ஸ்டாப் 16 மடங்கு. படம் எடுக்கிறவர்கள் ரொம்ப நாளாகக் கையில் வைத்திருக்கிற ஈவி அட்டவணை ஒன்று உண்டு. வெளிச்சத்துக்கு ஓர் எண் கொடுத்து, அதற்கு ஏற்ற ஷட்டர், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, ‘எஃப்’ எண்) ஜோடிகளைச் சொல்வது அது. நல்ல வெயில் 15. விளக்குகள் நிறைந்த கடைவீதி 7, 8. எரிகிற நெருப்பு 9 வாக்கில். வெளிச்சம் அடித்த கோபுரம் 3 முதல் 5. ஓர் எண் குறைந்தால் ஒரு ஸ்டாப் குறைவு. நம்ம ஊர் நோம்பியில் கோவில் முன்னால் நாலைந்து ஃபோகஸ் லைட் கட்டியிருக்கிற இடத்தில் ஆடுகிறவர் முகம் பெரும்பாலும் 5 வாக்கில் நிற்கும். இந்தக் கடைசி எண் அட்டவணையில் உள்ளது இல்லை, என் அனுபவம். லைட்டுக்காரருடைய தாராளத்தைப் பொறுத்து முன்னே பின்னே போகும்.

இப்போது பாருங்க, முகம் 5, பூவோட்டுத் தீ 9. நடுவில் நாலு ஸ்டாப், 16 மடங்கு. முகத்தைச் சரியாக வைத்தால் தீ சென்சாரின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய் வெள்ளையாகும். அப்படிப் போனது போனதுதான், கணினியில் எவ்வளவு இழுத்தாலும் அங்கே ஒன்றும் மீதி இருக்காது. தீயைச் சரியாக வைத்தால் முகம் கருத்துப் போகும். ஆனால் கருப்புக்குள் கொஞ்சம் விஷயம் ஒளிந்திருக்கும், ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்திருந்தால் ஓரளவு மேலே தூக்கலாம், ரவை கொட்டின மாதிரி நாய்ஸ் வரும், அவ்வளவுதான். ஆகவே நான் செய்வது, முகத்துக்கு உரியதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்து வைப்பது. தீயின் நடு அப்போதும் வெள்ளையாகவே இருக்கும், இருக்கட்டும், கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரிகிறது. ஆனால் தீநாக்கின் ஓரங்களில் மஞ்சளும் ஆரஞ்சும் திரும்பி வந்துவிடும். வானம் முழுக் கருப்பாகட்டும். அதில் காப்பாற்ற எதுவும் இல்லை.

எண் கேட்டதால் எண்ணும் சொல்கிறேன். லென்ஸை 18-ல் வைத்து, எஃப் 3.5, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ (சென்சாரில் பதிந்ததைப் பெருக்கிக் காட்டுகிற அளவு) 2000. முகம் 5-ல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு ஸ்டாப் குறைத்த கணக்கு இது. தொடங்குவதற்கு மட்டும். அங்கேயிருந்து எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைப் படம் சொல்லும். ஜூமைத் திருகி 55-க்குப் போனால் இந்த லென்ஸ் எஃப் 5.6-க்கு இறங்கிவிடும், உள்ளே வருகிற வெளிச்சம் இரண்டரை மடங்கு குறையும், அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 5000 வேண்டும். மேனுவலில் எல்லாம் கருப்பாக வந்தது என்றீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். 18-ல் வைத்த எண்ணோடு 55-க்குப் போயிருப்பீர்கள், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ பகலில் வைத்த 100-லேயே நின்றிருக்கும். எட்ட நின்று இழுப்பதைவிட 18-லேயே வைத்துக்கொண்டு நாலு எட்டு முன்னால் போவது லாபம். செலவு செய்ய மனசிருந்தால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிப் போடுங்கள். எஃப் 5.6-ஐவிடப் பத்து மடங்கு வெளிச்சம் தரும். ராத்திரி வேலைக்குக் கேமரா உடம்பை மாற்றுவதைவிட லென்ஸை மாற்றுவதுதான் முதல் செலவு.

1/100 என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி ஃபோகஸ், ட்யூப் லைட் எல்லாம் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/100 வைத்தால் ஒரு முழு அலை உள்ளே வந்துவிடும், 1/50 என்றால் இரண்டு. 1/320, 1/500 என்று வேகமாகப் போனால் படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும், அடுத்தடுத்த இரண்டு படங்களில் வெளிச்சமும் நிறமும் வேறு வேறாக இருக்கும். இதை எக்ஸ்போஷர் தவறு என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஐஎஸ்ஓவைத் திருகிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 1/100-ல் கை கால் கலங்காதா என்றால், வீசுகிற கை கொஞ்சம் கலங்கும். ஆனால் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்க. பறை ஒரு சுற்று முடிந்து அடி விழுகிற இடத்தில், காலை ஊன்றி உடம்பு திரும்பப் போகிற அந்த இடத்தில், ஆள் ஒரு நொடிப் பின்னம் நிற்பார். அடியைக் காதில் வாங்கி அந்த இடத்தில் அமுக்கினால் 1/60-கூடப் போதும். கேமராவை எடுக்குமுன் பத்து நிமிஷம் தாளத்தைக் கேட்பது என் பழக்கம்.

இன்னொன்று, ஆடுகிறவர்கள் வட்டமாகச் சுற்றுகிறார்கள், விளக்கு ஒரே பக்கம் நிற்கிறது. விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். ஐந்து மீட்டரில் இருப்பவருக்கும் பத்து மீட்டரில் இருப்பவருக்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஒரு சுற்றிலேயே ஒரே ஆள் வெளுத்தும் கருத்தும் வருவது இதனால்தான். ஆள் பின்னாலேயே கேமராவைத் துரத்தாதீர்கள். வட்டத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்த இடத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துக்கொண்டு, ஆள் அங்கே வரும்போது மட்டும் எடுங்கள். ஆட்டம் தொடங்குமுன் அந்த இடத்தில் போய் நின்று, உள்ளங்கையை விளக்குப் பக்கம் திருப்பி, ஸ்பாட் மீட்டரில் (சின்ன இடத்தை மட்டும் அளக்கிற மீட்டர் முறையில்) அளந்து பாருங்கள். உள்ளங்கை யாருக்கும் நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. ஆகவே மீட்டர் முள் ஒன்று கூடுதலாகக் காட்டும்படி வைத்தால் அந்த இடத்துக்குச் சரியான அளவு கிடைத்துவிடும். தீக்காக அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. முகத்தை ஸ்பாட் மீட்டரில் அளந்து ஒரு ஸ்டாப் கூட்டச் சொல்லி நிறைய இடங்களில் எழுதியிருக்கும். அது வெள்ளைக்காரர் தோலுக்குப் போட்ட கணக்கு. வெயிலில் காடு சுற்றுகிற நம்ம ஆள் முகத்தை அளந்தால் மீட்டர் சொல்வதை அப்படியே வைக்கலாம், இன்னும் அரை ஸ்டாப் குறைத்தாலும் தவறில்லை. கூட்டினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும்.

எல்லாம் வைத்தாயிற்று, எடுத்த படம் சரியா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? பின்னால் இருக்கிற திரையை நம்பாதீர்கள். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு அந்தத் திரை பகல் மாதிரி இருக்கும். நான் புதிதில் ஓர் ஊர்த் தேர் முழுவதையும் இப்படித்தான் கோட்டை விட்டேன். தேர் நிலை சேரும்போது ராத்திரி பதினொன்று, ஒவ்வொரு படத்தையும் திரையில் பார்த்துப் பார்த்து ‘அருமை’ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். மறுநாள் ஸ்டூடியோவில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசிப் படத்தில் வடம் பிடித்தவர்கள் முகமே இல்லை. இரண்டு ஸ்டாப் குறைவு. ஊர்ப் பெரியவர் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, தேரு மட்டும் தனியா வந்துச்சுங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ராத்திரி வேலையில் திரை வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிடுவேன், படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டுகிற வரைபடமான ஹிஸ்டோகிராமை மட்டும் பார்ப்பேன்.

ஹிஸ்டோகிராமிலும் ராத்திரிக்குத் தனிக் கணக்கு. பகல் படத்தில் மலை மாதிரி நடுவில் குவிந்திருக்க வேண்டும் என்பார்கள். ராத்திரிப் படத்தில் இடது ஓரத்தில் பெரிய குவியல் இருந்தே தீரும், அதுதான் வானம், அதைப் பார்த்துப் பயந்து ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டாம். பார்க்க வேண்டியது வலது ஓரம். அங்கே சுவரில் மோதி நிற்கிற கோடு விளக்கும் தீயும். அது ஒல்லியாக இருந்தால் சரி. தடித்துப்போனால் முகமோ சேலையோ வெளுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முடிந்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமை வையுங்கள். கோபுரத்தில் நீலத்திலும் ஊதாவிலும் சீரியல் செட் போட்டுவிட்டால் மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கும், நீலம் மட்டும் தனியாகச் சுவரைத் தாண்டியிருக்கும். கோபுரத்துப் பொம்மைகள் உருவமில்லாமல் நீலக் களிம்பாக வருவது அதனால்தான்.

சிவன்மலைக்கு வருகிறேன். மலைக்கோவில் விளக்கோடு தெரிகிற படத்தை எட்டு மணிக்கு மேல் எடுக்காதீர்கள். அப்போது மலை வானத்தோடு கரைந்திருக்கும், கருப்பில் நாலு விளக்குப் புள்ளி மட்டும் தொங்கும். எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் விளக்குதான் வீங்குமே தவிர மலை எழுந்து வராது. விளக்கு வைக்கிற நேரம் என்று வீட்டில் சொல்வார்களே, அதுதான் நேரம். வானத்து நீலமும் கோவில் விளக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிற இடைவெளி அது. வெளிநாட்டுக்காரர்கள் இதை ஒரு மணி நேரம் போல எழுதுவார்கள், அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக இறங்குகிறது. நாம் இருப்பது 11 பாகை அட்சரேகையில், சூரியன் கிட்டத்தட்ட நேராக விழுகிறது, நமக்குக் கிடைப்பது சுமார் 20 நிமிஷம். அதற்குள்ளும் வெளிச்சம் ஏறக்குறைய மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப் குறைந்துகொண்டே போகும். ஒரு தடவை வைத்த எக்ஸ்போஷர் மூன்றாவது படத்துக்கு ஆகாது. ஆகவே அஸ்தமனத்துக்கு முன்பே இடம் பார்த்து முக்காலியைப் போட்டு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்துவிட்டு ஷட்டரை மட்டும் நீட்டிக்கொண்டே போங்கள். அரை நொடியில் தொடங்கி இரண்டு, நாலு, எட்டு என்று போகும். வரிசையாக எடுத்ததில் ஏதோ ஒன்றில் வானமும் விளக்கும் சரிக்குச் சரி நிற்கும். விடியலில் இதே கணக்குத் தலைகீழ். பண்ணாரி மாதிரி விடியுமுன் குண்டம் இறங்குகிற (தீ மிதிக்கிற) இடங்களில் கிழக்கு வெளுக்க ஆரம்பித்ததும் ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

முக்காலியைப் பற்றி ஒரே விஷயம். காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் ஆயிரம் ரூபாய் முக்காலி என்ன பாடுபடும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், தாராபுரம் வரைக்கும் காற்றாலையைச் சுற்ற வைக்கிறது, உங்கள் கேமராவை ஆட்டாதா? நடுத்தண்டை ஏற்றாமல் காலை அகட்டித் தாழ்வாக வையுங்கள், அடியில் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள், இரண்டு நொடி டைமர் போடுங்கள், லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி) இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

நிலா எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிற விஷயம். ராத்திரியில் இருப்பதால் நிலாவும் ராத்திரிப் பொருள் என்று நினைக்கிறோம். அது வெயிலில் கிடக்கிற பாறை. பௌர்ணமி நிலாவுக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்று வைத்தால் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். பகல் படத்துக்குப் பக்கத்தில் வருகிற எண். ஆனால் அதே நிலா வெளிச்சம் விழுகிற தென்னந்தோப்பு பகல் வெயிலைவிடச் சுமார் நாலு லட்சம் மடங்கு மங்கல். இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்கிற கேமரா இல்லை. ஆகவே பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். நிலா தினமும் சராசரியாக 50 நிமிஷம் தள்ளி எழுகிறது. பௌர்ணமியன்று அஸ்தமன நேரத்தில் எழுகிற நிலா முந்தின நாள் பொழுதோடவே கிழக்கே வந்துவிடும். தோப்பிலும் வெளிச்சம் இருக்கும், நிலாவும் இருக்கும், ஒரே படத்தில் இரண்டும் நிற்கும்.

நட்சத்திரத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், தனியாகக் கேட்டால் தனியாக எழுதலாம். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுத்தால் நட்சத்திரம் இழுபடாமல் எத்தனை நொடி திறக்கலாம் என்று வரும். உங்கள் மாதிரி சின்ன சென்சாருக்கு 18-ஐ ஒன்றரை மடங்காக்கி 27 என்று கொள்ள வேண்டும், 18 நொடி கிடைக்கும். இது ஃபிலிம் காலத்து விதி, இப்போதைய சென்சாரில் பெரிதாக்கிப் பார்த்தால் கொஞ்சம் இழுபடுவது தெரியும், நான் 13 நொடிக்கு மேல் போவதில்லை. எஃப் 3.5, ஐஎஸ்ஓ 6400. ஃபோகஸைக் கையால், லைவ் வியூவில் (பின் திரையில்) ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். காங்கேயத்திலிருந்து மேற்கே திருப்பூர் வெளிச்சம் வானத்தைக் கெடுக்கும், தெற்கே தாராபுரம் பக்கம் திரும்புங்கள், பால்வீதியின் நடுப்பகுதி எழுவதும் தென்கிழக்கில்தான். சித்திரை, வைகாசியில் அமாவாசையை ஒட்டிப் பத்து, பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். நட்சத்திரம் வட்டமாகச் சுற்றுகிற படம் வேண்டுமென்றால் வடக்கே திரும்ப வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து 11 பாகைதான், கையை நீட்டி முஷ்டி வைத்தால் அதற்குச் சற்று மேலே. வடக்கே மலையோ பனைவரிசையோ இருந்தால் மறைத்துவிடும்.

ரொம்ப நீளமான எக்ஸ்போஷருக்கு ஒரு குறுக்கு வழி. ஐஎஸ்ஓ 6400-ல் ஒரு நொடி எடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் ஐஎஸ்ஓ 100-ல் 64 நொடி, அதாவது ஏறக்குறைய ஒரு நிமிஷம் போதும். 6400-ஐ 100-ஆல் வகுத்தால் 64, வேறு சூத்திரம் கிடையாது. இருட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் காத்திருந்து தப்பைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அப்புறம், படம் எடுத்து முடித்தும் கேமரா இன்னொரு நிமிஷம் ‘பிஸி’ என்று நின்றால் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பு என்ற வசதி போட்டிருந்தால் அதே நேரத்துக்கு ஷட்டரை மூடி ஒரு கருப்புப் படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னதில் அட்டவணையும் கணக்கும் உறுதி. இனி ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயங்கள். ஐஎஸ்ஓவை ஏற்றாமல் குறைவாகவே எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கிக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு கட்சி உண்டு. ஐஎஸ்ஓ ஏற்றுவதால் உள்ளே வருகிற வெளிச்சம் கூடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் சில சென்சாரில் இது செல்லும், பழைய சென்சாரில் தூக்கும்போது நிழலில் கோடு கோடாக வரும். உங்கள் கேமராவில் ஒரே இடத்தை 400-லும் 3200-லும் ஒரே ஷட்டரில் எடுத்து, முதலாவதை மூன்று ஸ்டாப் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். ஃபிளாஷ் விஷயத்தில் நான் சொல்வது அபிப்பிராயம் மட்டுமே. நேராக ஃபிளாஷ் அடித்தால் முகம் தெளிவாக வரும், நோம்பி காணாமல் போகும், தீயும் புகையும் இருந்த இடம் வெறும் கருப்புத் திரையாகிவிடும். அருள் வந்து ஆடுகிறவர் முகத்தில் அதை அடிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. கட்டாயம் வேண்டுமென்றால் ஷட்டரை 1/30-க்கு இறக்கி, ஃபிளாஷை இரண்டு ஸ்டாப் குறைத்து, லேசாக ஆரஞ்சுத் தாள் ஒட்டி அடியுங்கள்.

அடுத்த நோம்பி எப்போது என்று எழுதவில்லை. கம்பம் நடுகிற நாளிலிருந்தே தினம் ராத்திரி ஆட்டம் இருக்குமே, முதல் இரண்டு நாள் கூட்டம் குறைவாக இருக்கும்போது போய் விளக்குகளை அளந்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரா ஃபைலாக எடுங்கள். சுற்றி முடித்துக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடப்போகும்போது வழியில் விளக்கே இருக்காது, கையில் கொண்டுபோகிற வெளிச்சம் மட்டும்தான். அங்கே ஐஎஸ்ஓ 6400, 1/50 என்று மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். எடுத்ததில் கெட்டுப்போன படங்களை ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களோடு போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.